தோட்டத்துக்கு மானியம்: முதலில் அந்தப் பூட்டைக் கழற்றுங்கள், அக்கா

வாசகர் கேள்வி: வணக்கம் தம்பி. எனக்கு 63 வயது. பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஈசூனில் எங்கள் புளோக்கின் பின்புறம் ஒன்பது ஆண்டுகளாகச் சமூகத் தோட்டம் ஒன்றைப் பார்த்துவருகிறோம். மொத்தம் எட்டுப் பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பதினான்கு பாத்திகள். பலகைகளைக் கரையான் அரித்து, மண் சரிந்து நடைபாதையில் கொட்டுகிறது. குழாய் தள்ளி இருப்பதால் தண்ணீரை வாளியில் சுமக்கிறோம். எல்லாவற்றையும் சரிசெய்ய 12,000 வெள்ளி ஆகும் என்கிறார் வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரர். போன ஆண்டு ஒரு மானியத்துக்கு விண்ணப்பித்தோம். 'இம்முறை ஆதரவு வழங்க இயலவில்லை' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. விண்ணப்பத்தையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். வேறு எங்கே கேட்கலாம்? எப்படி எழுதினால் தருவார்கள்?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் மூன்றாவதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. பக்கத்தில் மூங்கில் கழியைச் சுற்றிப் படர்ந்த நீலச் சங்குப்பூ. அதற்கு முன்னால் இடுப்புயர வேலி. வேலியில் கேட், கேட்டில் சங்கிலி, சங்கிலியில் பித்தளைப் பூட்டு. பூட்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்: 'பறிக்காதீர்கள், கேமரா உண்டு' என்று நான்கு மொழிகளிலும்.

மானிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுக்களில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். ஒரு மாலையில் இருபது, முப்பது விண்ணப்பங்கள் கைமாறும். எழுத்துக்கு முன்னால் கண் படத்துக்குத்தான் போகும். உங்கள் மூன்றாவது படத்தைப் பார்க்கிறவர் மனத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: இது எட்டுப் பேரின் தோட்டமா, புளோக்கின் தோட்டமா? அதற்கு உங்கள் விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை. இரண்டு வரியில் மறுத்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அந்தக் குழுவில் நான் இருந்திருந்தால் இந்த இடத்தில்தான் நின்றிருப்பேன்.

பூட்டு ஏன் வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த கத்தரிக்காயைப் பறிக்கிற அன்று காலையில் யாரோ கொண்டுபோயிருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். தீவு முழுவதும் தோட்டக்காரர்கள் சொல்கிற குறை இது. ஆனாலும் தோட்டம் இருக்கும் நிலம் உங்களுடையதோ என்னுடையதோ அல்ல, பொது நிலம். அதற்குக் கேட்கிற பணமும் பொதுப் பணம். கேட் எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட நேரம், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று அதே பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் எழுதி மாட்டுங்கள். கேட்டுக்கு வெளியே ஒரு பாத்தி போட்டு, அதில் பாண்டானும் கற்பூரவல்லியும் செரையும் (எலுமிச்சைப்புல்) வைத்து, 'தேவைக்குப் பறித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிடுங்கள். இப்படிச் செய்த இடங்களில் உள்ளே திருட்டுக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பறிக்கிறவருக்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது, பறிப்பவர் யார் என்று உங்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் பத்தியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'எங்கள் தோட்டம் மிகவும் அழகானது. பலகைகள் பழுதடைந்துள்ளதால் புதுப்பிக்க நிதி தேவைப்படுகிறது.' இரண்டுமே உண்மைதான். ஆனால் மானியம் தருகிற எந்த அமைப்பும் பலகை வாங்குவதற்காக அமைக்கப்பட்டதல்ல. அவர்கள் கணக்கில் பலகை என்பது செலவு. அந்தச் செலவினால் மனிதர்களிடையே என்ன நடக்கும் என்பதற்குத்தான் பணம். உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்களே, ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கும் சீனத் தாத்தா ஒருவர் இரண்டு நாள் தோட்டத்துக்கு வராததால் நீங்கள் போய்க் கதவைத் தட்டி, விழுந்து கிடந்தவரை மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள் என்று? அது விண்ணப்பத்தில் இல்லவே இல்லை. முதல் பத்தியில் இருந்திருக்க வேண்டியது அதுதான். அவர் அனுமதி பெற்று, பெயர் சொல்லாமல் எழுதுங்கள்.

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படித் தொடங்குவேன்: 'செவ்வாயும் சனியும் காலை ஏழரைக்கு எட்டு முதியவர்கள் இந்தத் தோட்டத்தில் கூடுகிறார்கள். அவர்களில் மூவர் தனியாக வசிப்பவர்கள். தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் கலந்து பேசுகிறார்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் போய்ப் பார்க்கிறார். ஓராண்டுக்குள் இந்த எட்டை இருபத்தைந்தாக்க விரும்புகிறோம். அதில் பத்துப் பேராவது நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.' இதில் அலங்காரம் எதுவும் இல்லை. எண் இருக்கிறது, கிழமை இருக்கிறது, ஓராண்டு கழித்து வந்து சரிபார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று தயங்காதீர்கள். முதலில் தமிழில், என்னிடம் சொன்னதுபோலவே எழுதி முடியுங்கள். பிறகு பேரப்பிள்ளையோ புளோக்கில் படிக்கும் பிள்ளையோ ஆங்கிலத்தில் எழுதட்டும். நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். உங்கள் போன ஆண்டு விண்ணப்பமும் அப்படித்தான் ஆகிவிட்டது.

அடுத்து, அந்த 12,000 வெள்ளி. குத்தகைக்காரர் ஒரே தொகையாகத் தந்த மதிப்பீட்டை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் பிரித்துப் போடுங்கள். பிரித்தாலே அதில் பாதிக்கு மானியம் தேவையில்லை என்று தெரியும்.

குழாயை எடுத்துக்கொள்வோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டையில் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றம். குழாய் நீட்டுவது, வடிகால் போடுவது, நடைபாதையில் மண் சரியாமல் கல் கட்டுவது போன்ற நிலையான வேலைகளுக்கு நீங்களே மானியம் தேடி அலைவது தவறான வழி. அவற்றை, குடியிருப்பாளர்களின் அடித்தள அமைப்பான வசிப்போர் கட்டமைப்பு வழியாக நகர மன்றத்திடமும், உங்கள் வட்டாரக் குடிமக்கள் ஆலோசனைக் குழுவிடமும் எழுத்தில் கேளுங்கள். அக்கம்பக்க வசதிகளை மேம்படுத்தத் தேசிய வளர்ச்சி அமைச்சு சமூக மேம்பாட்டுத் திட்டக் குழுவின் வழியே பணம் ஒதுக்குகிறது. எந்தத் திட்டத்தை முன்மொழிவது என்பதை அடித்தள அமைப்புகள்தான் சொல்கின்றன. இதற்கு நாள் பிடிக்கும். ஆனால் ஒருமுறை குழாய் வந்துவிட்டால் அதன் பராமரிப்பு உங்கள் தலையில் இருக்காது. மானியப் பணத்தில் நீங்களாகக் குழாய் போட்டால், அது கசிகிற நாளில் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது.

பலகைகளைப் பொறுத்தவரை பதினான்கு பாத்தியையும் ஒரே நேரத்தில் மாற்றத் தேவையில்லை. படத்தில் எண்ணிப் பார்த்தேன், உண்மையில் உதிர்ந்துபோனவை ஐந்துதான். இந்த ஐந்தை மட்டும் மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகையில் இடுப்புயரத்துக்குக் கட்டுங்கள். நம் ஈரக் காற்றுக்கும் கரையானுக்கும் மரம் தாங்காது. இடுப்புயரப் பாத்தி என்றால் முட்டிவலிக்காரர்கள் குனிய வேண்டாம், சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கை நீட்டலாம். இப்படிப் பார்த்தால் 'பழுது பார்க்கிறோம்' என்ற வேலை 'இதுவரை வர முடியாதவர்கள் வரப்போகிறார்கள்' என்ற வேலையாக மாறுகிறது. இதற்குப் பணம் கேட்கலாம்.

எங்கே கேட்பது என்பதுதான் உங்கள் நேரடிக் கேள்வி. வரிசை முக்கியம், அக்கா. பலரும் கடைசிப் படியில் முதலில் காலை வைத்துவிட்டு, பிறகு என்னிடம் வருகிறார்கள்.

முதலில் வசிப்போர் கட்டமைப்பு. வீவக பேட்டையில் சமூகத் தோட்டம் என்றாலே அவர்களும் நகர மன்றமும் உள்ளே இருக்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தில் அவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட இல்லை. இடத்துக்கு அனுமதி இருக்கிறது என்பதற்கு ஒரு தாள் இல்லாத தோட்டத்துக்குப் பணம் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள். நாளைக்கே எடுத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பார்ப்பார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாய்மொழியாகச் சரி என்றவர் இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே போய்ப் புதிதாக எழுதி வாங்குங்கள்.

அடுத்து தேசிய பூங்காக் கழகம். அவர்களுடைய 'கம்யூனிட்டி இன் புளூம்' இயக்கம் 2005இல் தொடங்கியது. இன்று தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதன்கீழ் இருக்கின்றன. உங்கள் தோட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேருங்கள். அவர்களிடம் பணத்தைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கும். அலுவலர் நேரில் வந்து மண்ணையும் வெயிலையும் பார்த்து, எந்தப் பாத்தியை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று சொல்வார். அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் தூதர்களாக இருக்கிறார்கள், கூப்பிட்டால் வந்து கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்தோடு அவர்களுடைய ஆலோசனைக் குறிப்பையும் இணைத்தால், படிக்கிறவருக்குப் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் பணம். உங்களுக்குப் பொருந்தக்கூடியவை என்று நான் மூன்றைப் பார்க்கிறேன். வீவகவும் நகர மறுசீரமைப்பு ஆணையமும் நடத்தும் 'லைவ்லி பிளேசஸ்' திட்டம், அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடிப் பொது இடத்துக்கு உயிர் கொடுக்கும் முயற்சிகளை ஆதரிக்கிறது. ஒரு திட்டத்துக்கு 20,000 வெள்ளி வரை என்ற அளவில் அது உதவிவந்திருக்கிறது. அடுத்தது கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் நிதி. 2016இல் 25 மில்லியன் வெள்ளியுடன் 'அவர் சிங்கப்பூர்' நிதியாகத் தொடங்கியது. அதை விரிவாக்கி 50 மில்லியன் வெள்ளியில் 'எஸ்ஜி பார்ட்னர்ஷிப்ஸ்' நிதி வரும் என்று 2025இல் அறிவித்தார்கள். மூன்றாவது, நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின் 'எஸ்ஜி ஈக்கோ' நிதி. 2020இல் 50 மில்லியன் வெள்ளியுடன் வந்தது. அதில் 'ஸ்பிரௌட்' என்ற பிரிவு சிறிய திட்டங்களுக்கானது, 10,000 வெள்ளி வரை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றாவதைத்தான் எடுப்பேன். தொகை உங்கள் அளவுக்கு ஏற்றது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், உங்கள் நான்காவது படத்தின் மூலையில் இருக்கும் நீலப் பீப்பாய்.

அது என்னவென்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். காய்ந்த இலைக்கு அடியில் காப்பித்தூள் சக்கை, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல். நீங்கள் மட்கு உரம் போடுகிறீர்கள், அக்கா! அதை மூலையில் ஒளித்துவைத்துவிட்டுப் பலகைக்குப் பணம் கேட்டிருக்கிறீர்கள்.

நம் நாட்டில் இருக்கும் ஒரே குப்பை நிரப்பு நிலம் புலாவ் செமக்காவ். 1999இல் திறந்தது. இப்போது போகிற வேகத்தில் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். நாம் தூக்கியெறியும் உணவுக் கழிவில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுசுழற்சிக்குப் போவதில்லை. மீதி எரியுலைக்குப் போகிறது, அதன் சாம்பல் செமக்காவுக்குப் போகிறது. ஈக்கோ நிதி இருப்பதே இந்த மாதிரிக் கவலைகளுக்காகத்தான். சுற்றுப்புறத்துக்கு என்ன பலன், அதில் சமூகம் எப்படிக் கலந்துகொள்கிறது என்ற இரண்டையும் அவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் நீலப் பீப்பாய் இரண்டுக்கும் பதில் சொல்கிறது.

ஒரு சின்ன வேலை தருகிறேன். இன்று தொடங்கி நான்கு வாரம், பீப்பாயில் போடும் ஒவ்வொரு பையையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, எடை, யார் கொண்டுவந்தது. கீழே காப்பிக் கடைக்காரரிடம் பேசி, காப்பிச் சக்கையைத் தினமும் ஒரு வாளி வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் நிறுங்கள். மாத முடிவில் 'இத்தனை கிலோ' என்று ஓர் எண் உங்கள் கையில் இருக்கும். நான் படித்த விண்ணப்பங்களில் தன் கையால் நிறுத்துப் பார்த்த எண்ணோடு வந்தவை மிகக் குறைவு. அந்த எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. 'ஒரு பீப்பாயை ஐந்தாக்கினால், எட்டு வீட்டை நாற்பது வீடாக்கினால்' என்று அதிலிருந்து கணக்குப் போட்டுக் காட்டலாம்.

உரப் பீப்பாயைப் பற்றிப் படிக்கிற எவரும் உடனே எலியை நினைப்பார்கள். நியாயமான பயம். சமைத்த சாதம், கறி, மீன், எண்ணெய் எதுவும் உள்ளே போகாது என்று விதியாக எழுதுங்கள். காய்த்தோல், பழத்தோல், சக்கை மட்டும். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை. மூடி இறுக்கமாக மூடக்கூடிய, தரையிலிருந்து உயர்த்தி வைத்த பீப்பாய். வாரம் இருமுறை கிளறுவது யார் என்று பெயர்ப் பட்டியல். நீங்கள் ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறீர்கள் என்று படத்திலேயே தெரிகிறது. தெரிந்ததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

அதே பத்தியில் கொசுவையும் முடித்துவிடுங்கள். டெங்கி நம் ஊரில் வேடிக்கை இல்லை. உங்கள் படங்களில் தண்ணீர் பிடித்துவைத்த வாளிகள் மூன்று, மூடியில்லாமல். சங்குப்பூவுக்கு நட்ட மூங்கில் கழிகளின் மேல்முனை திறந்திருக்கிறது. மழைநீர் நிற்கும் அந்த ஒரு விரல் குழி போதும் ஏடிஸ் கொசுவுக்கு. முட்டையிலிருந்து கொசுவாகி வெளிவர ஒரு வாரம் ஆகும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் ஆள் வருவதற்கு முன் நீங்களே மணலோ மூடியோ போட்டு அந்த முனைகளை அடைத்துவிடுங்கள், வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். குழாய் வந்தால் வாளியே தேவையில்லை என்பதை நகர மன்றத்துக்கு எழுதும் கடிதத்திலும் சேருங்கள். குழாய் கேட்பதற்கு அதைவிட வலுவான காரணம் இல்லை.

பணக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில்தான் பல குழுக்கள் மாட்டிக்கொள்கின்றன. ஈக்கோ நிதியும் பழைய அவர் சிங்கப்பூர் நிதியும் செலவு முழுவதையும் தருவதில்லை. ஏற்கத்தக்க செலவில் 80 விழுக்காடு வரை என்பதுதான் அவற்றின் உச்ச வரம்பாக இருந்துவந்திருக்கிறது. உங்கள் செலவு 6,000 வெள்ளி என்றால், நிறையக் கிடைத்தாலும் 4,800. மீதி 1,200 உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அதோடு, பணம் முழுவதையும் முன்னதாகக் கொடுக்காமல், செலவு செய்து ரசீது காட்டிய பிறகே ஒரு பகுதியைத் தரும் முறையும் மானியங்களில் வழக்கமாக உண்டு. எட்டு ஓய்வூதியக்காரர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து முன்பணம் போடும் நிலைக்குப் போகவே கூடாது. வசிப்போர் கட்டமைப்பின் கணக்கு வழியாகப் பணம் வந்துபோகும்படி முன்கூட்டியே பேசி முடியுங்கள். ரசீதுகளுக்கு ஒரு பிஸ்கட் டின் வைத்து, ஒருவர் மட்டும் பொறுப்பேற்கட்டும். வெயிலில் மங்கும் ரசீதுத் தாளை அன்றைக்கே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள்.

அந்த 1,200 வெள்ளியை எப்படித் திரட்டுவது? வீடு வீடாகப் போய் வசூலிக்கக் கிளம்பிவிடாதீர்கள், அதற்கு உரிமம் வேண்டும். பக்கத்துக் கடைக்காரரோ நிறுவனமோ தர முன்வந்தால் மண்ணாகவோ பலகையாகவோ வாங்கித் தரச் சொல்லுங்கள். பெரிய தொகை தர விரும்பும் நிறுவனம் வரிக்கழிவு கேட்கும். உங்கள் குழுவால் அதைத் தர முடியாது. பொது நல அமைப்பு என்ற தகுதியுள்ள அறநிறுவனத்துக்குத் தரும் நன்கொடைக்குத்தான் இப்போது 250 விழுக்காடு வரிக்கழிவு. தேசிய பூங்காக் கழகத்துக்கென்றே அப்படிப்பட்ட ஓர் அறநிதி உண்டு, 'கார்டன் சிட்டி' நிதி என்று பெயர். நிறுவனம் பேச வந்தால் கழக அலுவலரிடம் சேர்த்துவிடுங்கள்.

செலவுப் பட்டியலைப் பற்றி ஒரே ஒரு வரி: 'கருவிகள் – 1,500' என்று எழுதாதீர்கள். மண்வெட்டி எத்தனை, கைப்பிடி நீளம் என்ன, ஒன்று என்ன விலை, எந்தக் கடையில் விசாரித்தது என்று எழுதுங்கள். மூன்று கடைகளின் விலைச்சீட்டு இணைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. உங்கள் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், '2030க்குள் 30 விழுக்காடு உணவை உள்நாட்டிலேயே விளைவிக்கும் இலக்குக்கு எங்கள் தோட்டம் பங்களிக்கும்' என்று இருக்கிறது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 2019இல் அறிவித்த அந்த இலக்கை அரசாங்கம் 2025 நவம்பரில் மாற்றிவிட்டது. 2035க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து வகைகளில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத வகைகளில் 30 விழுக்காடு என்பதுதான் இப்போதைய இலக்கு. பழையதை எழுதினால் பழைய விண்ணப்பத்தைத் திரும்பக் கொடுக்கிறார்கள் என்று தோன்றிவிடும். என்னைக் கேட்டால் இரண்டையுமே எடுத்துவிடுங்கள். அந்த இலக்குகள் பண்ணைகளுக்கானவை. பதினான்கு பாத்திக் கங்கோங் கீரையால் நாட்டின் உணவுக் கணக்கு மாறாது, அதற்காக உங்களிடம் யாரும் பணம் தரவும் இல்லை. ஒன்பதாவது மாடித் தாத்தாவுக்கு இரண்டு நாளில் ஆள் போனது உங்கள் தோட்டத்தால்தான். அதை எழுதுங்கள்.

கடைசியாக, மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழுவுக்கு நானே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். எட்டாயிரம் வெள்ளி கிடைத்தது. வரிசையாகப் புதுப் பாத்திகள், பெயர்ப்பலகை, திறப்பு விழா, படங்கள். அந்தத் தோட்டத்தின் மூச்சு முழுவதும் ஓர் அம்மாவிடம் இருந்தது. ஓராண்டு கழித்து அவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அடுத்த முறை நான் போனபோது தட்டைப்பயறு கொடி கம்பியிலேயே காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் காய் வெடித்து விதைகள் கையில் விழுந்தன. நல்ல விதைகள், யாரும் எடுத்து விதைக்கவில்லை. 'அவர் இல்லாவிட்டால் யார்?' என்று நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை, அதனால் நானும் கேட்கவில்லை. இன்றும் அந்தக் கொடி நினைவுக்கு வந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன், அக்கா. நீங்கள் ஆறு மாதம் ஊருக்குப் போய்விட்டால் தோட்டத்தின் சாவி யாரிடம் இருக்கும்? விதை எந்த டப்பாவில் இருக்கிறது, எந்த மாதம் எதை விதைப்பது, கறிவேப்பிலைக்கு எதை ஊற்றுவது என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நாற்பது வயதுக்குக் கீழ் பத்துப் பேர் வேண்டும் என்று நான் மேலே எழுதியது குழுவைக் கவர்வதற்காக அல்ல. உங்கள் புளோக்கில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா? ஆளுக்கொரு பாத்தி கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எடை எழுதும் வேலையை அவர்களிடம் விடுங்கள். தேசிய இளையர் மன்றம் 15 முதல் 35 வயது வரையிலான இளையர்கள் தாங்களே முன்னின்று நடத்தும் சமூகத் திட்டங்களுக்கு 'யங் சேஞ்ச்மேக்கர்ஸ்' என்ற மானியம் தருகிறது. ஈராண்டு கழித்து உங்கள் தோட்டத்துக்காக அந்தப் பிள்ளைகளே அங்கே விண்ணப்பிக்கட்டும். மறுத்துவிட்ட குழுவுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், எந்த இடத்தில் குறை என்று பணிவாகக் கேளுங்கள். கேட்கிறவர்களுக்குப் பல அலுவலர்கள் தொலைபேசியிலேயே விளக்குவார்கள். கேட்கிறவர்கள்தாம் குறைவு.

வேலை வரிசை இதுதான்: இந்த வாரம் வசிப்போர் கட்டமைப்பு, அடுத்த வாரம் பூங்காக் கழக அலுவலர், இன்று மாலையே தராசும் நோட்டும். நான்கு வாரம் கழித்து அந்த எண்களோடு புதிய வரைவை எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்ப்போம். கூடவே சனிக்கிழமை காலை ஏழரைக்கு, கேட் திறந்திருக்கும்போது எடுத்த படம் ஒன்றும் வேண்டும். தாத்தா நலமாகித் திரும்பியிருந்தால் அவரும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி